சத்தம் போடாத கீபோர்டு

சேகரனுக்கு எங்கள் தெருவில் ‘பல் பிடுங்கி’ என்று ஒரு பெயர் உண்டு. அதை வைத்தவர் மண்டி மொஹல்லாவில் பழைய சாமான் குடோன் நடத்திய பசவராஜ். ஆலைகளும் அலுவலகங்களும் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை ஏலத்தில் எடுத்து வந்து உடைத்து விற்பவர் அவர். மற்றவர்கள் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக வருவார்கள். சேகரன் கீபோர்டை மட்டும் கேட்பார்.

"முழு மிஷினு இருக்குது, பல்ல மட்டும் பிடுங்கிட்டுப் போறீங்களே சார், இத வெச்சு எதக் கடிக்கப் போறீங்க?" என்று பசவராஜ் கேட்டாராம். சேகரனே அதைத் தெருவில் சொல்லிச் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சேகரன் ஹனூர்ப் பக்கத்துக்காரர். மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, டைப்ரைட்டிங் பாஸ் செய்த கையோடு மைசூருக்கு வந்தார். நஞ்சன்கூடு போகும் சாலையில் ஓர் ஆலையில், கணக்குப் பிரிவில் வேலை. எண்பதுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, வேகமாகத் தட்டுகிற ஆள் என்று இவரை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஆலையில் அந்த ஓர் அறைக்குத்தான் ஏசி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தூசி நுழையாதபடி ஜன்னலுக்கு இரட்டைத் திரை. கோயிலுக்கு அடுத்தபடி தான் பார்த்த சுத்தமான இடம் அதுதான் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னால் நடந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நான் அவர்கள் எதிர்வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் யாருக்கு ஊசி போட வேண்டும், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சேகரன் என்னிடம் வருவது புண் துடைக்கிற ஸ்பிரிட்டுக்காக. கீபோர்டின் உள்ளே துரு ஏறிய முனைகளைத் துடைக்க அதைவிட நல்லது இல்லை என்பார்.

ஆலையில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோதுதான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. புதியவற்றின் கீபோர்டு தக்கை போல எடையில்லாமல் இருந்ததாம். அழுத்தினால் ரப்பரில் சொதக்கென்று இறங்கியதாம். பழையவற்றில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனி ஸ்பிரிங். தட்டினால் டக்கென்று பதில் வரும், விரல் தானாக எழும்பும். கழித்துப் போட்டதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பிறகு பசவராஜின் குடோன். இரண்டு வருடத்தில் வீட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க, பழைய வேட்டித் துணியில் சுற்றிய கீபோர்டுகள் அடுக்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய்த கொக்கியால் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பூந்திக்கொட்டை ஊற வைத்த வெந்நீரில் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். முறத்தில் பரப்பி வாசலில் காய வைப்பார். ஸ்பிரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி.

"மத்தவங்க ஊட்டு வாசல்ல ஹப்பளம் காயுது, நம்மூட்டு வாசல்ல எழுத்து காயுதுங்க" என்பாள் அவர் மனைவி காவேரி. "ஒரு நாளைக்கு இதையே எண்ணெயில பொரிச்சுப் போட்டுடறேன், சோத்துக்குத் தொட்டுக்குங்க."

"முதல்ல உன்ற பேர்ல இருக்கிற எழுத்தப் பொரி" என்பார் அவர்.

அவர்களுக்கு ஒரே பெண், தீபா. ஏழு வயது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், என்னிடம் இரண்டும் கலந்து; ‘இல்லையா’ என்பதற்கு ‘அல்வா’ என்பாள். எல்லோரும் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடுவதால் அவளுக்கு நான் ‘சிஸ்டர் அஜ்ஜி’, சிஸ்டர் பாட்டி.

தொண்ணூற்றேழாம் வருடம் மழைக்காலத்தில் பசவராஜ் ஒரு கீபோர்டு கொடுத்தார். ஏதோ பெரிய அலுவலகத்து ஏலத்தில் வந்த வெளிநாட்டுச் சாமான். அம்மிக்கல் கனம். சேகரன் அதைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"அமுக்கிப் பாருங்க சிஸ்டரம்மா."

அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. உறைந்த தயிரில் விரலை வைத்தது போலிருந்தது.

"ஸ்பிரிங் சத்தம் இல்ல, தகட்டுச் சத்தம் இல்ல. இந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்லீங்க. பாதி எழுத்து வேலை செய்யல. பிரிச்சுப் பார்த்தாத்தான் உள்ள என்ன வெச்சிருக்கான்னு தெரியும்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கஞ்சி அடுப்பில் இருந்தது. ஸ்பிரிட் புட்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

தசரா முடிந்த பிறகு தீபா மாற ஆரம்பித்தாள். முதலில் எரிச்சல். தொட்டால் அழுகை, கூப்பிட்டால் அழுகை. பிறகு வியர்வை. மார்கழிக் குளிரில் நாங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொங்கலுக்கு முன் கையும் காலும் பீட்ரூட்டை நறுக்கிய கை போல் சிவந்து வீங்கின. விரல் நுனியில் தோல் உரிந்தது. எரியுது எரியுது என்று காலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பகலிலும் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். மெலிந்துகொண்டே வந்தாள். சட்டைப் பித்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை.

வியாதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரிந்த வியாதி எவ்வளவு கொடியதானாலும் எனக்குப் பயம் வராது, செய்ய வேண்டியதைச் செய்வேன். இது எனக்குப் பெயர் தெரியாதது. ஒரு நாள் காலை அவள் கையில் பி.பி. பார்த்தேன். மிஷின்தான் கெட்டுவிட்டதென்று நினைத்து என் கையிலும் பார்த்துக்கொண்டேன். மிஷின் சரியாக இருந்தது. கிழவிக்கு வந்தாலே படுக்கப் போட்டுவிடும் அளவு அந்தப் பிள்ளைக்கு இருந்தது. அன்றே குழந்தை டாக்டர் உமாதேவியிடம் கூட்டிப் போகச் சொன்னேன், நானும் கூடப் போனேன்.

டாக்டர் நல்லவர், நிதானமானவர். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்.

"வீட்டில பூச்சி மருந்து, பெயின்ட், நாட்டு மருந்து, ஏதாவது கெமிக்கல் புழங்கறீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றார் சேகரன். "நான் கம்ப்யூட்டர் வேலைங்க."

டாக்டரின் பேனா அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். சிறுநீரகத்தின் தலைமாட்டில் ஒரு கட்டி இருந்தால் இப்படிப் பி.பி. ஏறும், வியர்க்கும் என்றார். பெங்களூரில் பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும், கட்டி தெரிந்தால் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமைக்கு அங்கே நாள் வாங்கிக் கொடுத்தார். அதுவரை காலையிலும் மாலையிலும் பி.பி. பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

திரும்பும் வழியில் ஆட்டோவில் தீபா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். காவேரி ஒரு கையால் பிள்ளையைப் பிடித்து, இன்னொரு கையால் தன் மாரைச் சேலையோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் இருந்தாள். முந்தானையைக் கழுத்து மறைய இழுத்து இழுத்து விடுவாள். குனிய மாட்டாள். வெள்ளி, செவ்வாய் என்றில்லாமல் தினமும் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைகளில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. சேகரன் ஆலைக்குப் போய்விட்டார். நான் பி.பி. பெட்டியோடு போனேன். தீபா கூடத்தில், அடுக்கிய கீபோர்டுகளுக்குக் கீழே பாயில் படுத்திருந்தாள். அவள் படுக்கும் இடமே அதுதான். பெட்டியைத் திறந்து நிமிர்த்தி வைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர் அஜ்ஜி."

"பேசாதே. பேசினா ஏறும்."

"உங்க ரசம் ஏன் ஜெயில்ல இருக்கு? எங்க ரசம் வெளியே ஓடுது, அல்வா?"

காற்றைத் திறந்துவிட்டேன். பாதரசம் இறங்கியது. என் கை பட்டையை அவிழ்த்தது, பெட்டியை மூடியது, கொக்கியைப் போட்டது. கை பழக்கத்தில் வேலை செய்தது.

"உங்க ரசம் எங்கேம்மா இருக்கு?"

"சாமிகிட்ட. அப்பா சத்தம் போடாத கீபோர்டுக்குள்ள இருந்து எடுத்தாரு. கையில ஊத்தினா சில்லுன்னு ஓடும். சோமவாரம் சோமவாரம் நான்தான் ஓட விடுவேன்."

காவேரி சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பூஜை அலமாரியில் இருப்பதை எடுத்து வா என்றேன். பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தால் முக்கால்வாசி பாதரசம். அத்தனையும் ஒன்றாகத் திரண்டு, என் முகத்தைக் கோணலாகக் காட்டியது. அதற்கு முன்னால்தான் தினமும் விளக்கேற்றியிருக்கிறார்கள்.

"ரசமணிங்க சிஸ்டரம்மா. அவருக்குச் சின்னதுல அரைஞாண்ல கட்டியிருந்தாங்களாம். ஊட்ல இருந்தா காத்துக் கருப்பு அண்டாதுன்னு..."

"மூடு. கீழே வை. எல்லா ஜன்னலையும் திற. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்குப் போ. அவள் துணியைக் கழற்றி வாசலிலேயே போட்டுட்டு, என் வீட்டுக் குழாயில குளிப்பாட்டு. இந்த வீட்டுப் பாயும் தலையணையும் வரக் கூடாது."

"என்னங்க ஆச்சு?"

"போன்னா போ."

அவள் பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள். முந்தானை நழுவியது. நழுவிய வேகத்தில் அவள் அதைப் பிடித்து மூடிய விதம், புண்ணை மறைக்கிறவர்கள் மூடும் விதம். எனக்கு அப்போதுதான் எங்கள் வார்டு ஆயா மல்லம்மா ஞாபகத்துக்கு வந்தாள். பி.பி. மிஷின் உடைந்து கொட்டியதை அவள் வெறுங்கையால் அள்ளினாள். மறுநாள் அவள் விரலில் தங்க மோதிரம் இல்லை, வெள்ளி மோதிரம் இருந்தது. தங்கத்தைத் தொட்டால் பாதரசம் அதற்குள் இறங்கி வெளுக்க வைத்துவிடும்.

"காவேரி, தாலியைக் காட்டு."

அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"வெளுத்திருக்கா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் கயிற்றைத் தானே வெளியே எடுத்தாள். தாலி ஒரு பக்கம் அலுமினியம் போல் இருந்தது. அதன் மேல் தினமும் மஞ்சளைப் பூசி மறைத்திருக்கிறாள்.

"தீபாவளிக்கு முந்தியே இப்படி ஆயிடுச்சுங்க. யாருகிட்டச் சொல்லுவேன்? தாலி வெளுத்தா என்ன அர்த்தம்னு தெரியாதுங்களா? அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் சோமவாரம் பட்டினி கெடக்கறேன். மலையில உருண்டு வாரேன்னு வேண்டியிருக்கறேன். வெளிய சொன்னா பலிச்சுடுமோன்னு..."

"சாமி பூஜை பண்றப்ப அது ரசத்துல பட்டிருக்கு. அவ்வளவுதான். உன் புருஷனுக்கு இதனால ஒரு கெடுதலும் எழுதி வைக்கலை. கெடுதல் பிள்ளைக்கு. ரசம் காத்துல கலந்து, அதை அவ மூச்சோட இழுத்துக்கிட்டிருக்கா. எழுந்திரு."

அவள் அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள். நான் ஆலைக்குப் போன் போட மூலைக் கடைக்குப் போனேன்.

சேகரன் மதியத்துக்குள் வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தகராறு.

"அது கம்ப்யூட்டர் சாமானுங்க சிஸ்டரம்மா. செருப்புப் போட்டுக்கிட்டுப் போகக் கூடாத எடத்துல வெச்சிருந்தது. அதுல போயி விஷம் வெப்பானுங்களா?"

"பிரிச்சப்ப உள்ள என்ன இருந்தது?"

சொன்னார். எழுத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ரப்பர்க் குழாய்கள், அவற்றுக்குள் பாதரசம். எழுத்தை அழுத்தினால் குழாய் நசுங்கும், உள்ளே பாதரச இழை அறுபடும், கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அதனால்தான் சத்தம் இல்லை. வருடக்கணக்கில் கிடந்ததில் குழாய்கள் காய்ந்து விறைத்திருந்தன. கழற்றும்போது பல குழாய்கள் விண்டு கொட்டின. தரையில் ஓடியதைக் காகிதத்தால் வாரிச் சிமிழில் சேர்த்தார். மீதிக் குழாய்களாவது பிழைக்கட்டும் என்று...

அங்கே நிறுத்தினார்.

"பிழைக்கட்டும்னு?"

"எளக்கம் குடுக்கறதுக்குச் சூடு காட்டினனுங்க."

"எங்கே?"

அவர் குளியலறைப் பக்கம் பார்த்தார்.

எங்கள் ஊர் பழைய வீடுகளில் குளியலறை மூலையில் ஹண்டே இருக்கும், தண்ணீர் காய வைக்கும் பெரிய செம்புப் பானை, அடியில் விறகு அடுப்போடு சுவரில் பதித்தது. அதன் கழுத்தைச் சுற்றி உள்ள மேடையில் எதை வைத்தாலும் இளஞ்சூட்டில் இருக்கும். வீட்டில் ஈரத் துணி காய வைப்பது அங்கேதான். சேகரன் கீபோர்டைக் காய வைத்ததும் அங்கேதான். தசராவிலிருந்து. கதவைச் சாத்தினால் ஒரு முழ ஜன்னல் மட்டுமே உள்ள அறை. அதில்தான் தீபா தினமும் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் விளையாடி விளையாடிக் குளித்திருக்கிறாள்.

போய்ப் பார்த்தோம். கனத்த கீபோர்டு மேடையில் இருந்தது. அதன் கீழே ஹண்டேயின் செம்புத் தோளில், வழிந்த கோடுகளாக வெள்ளை.

"இது புளி போட்டுத் தேச்சும் போகலைன்னு காவேரி சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். "எம்புள்ள குளிக்கறப்ப பாட்டுப் பாடுமுங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச நேரமில்லை. டாக்டரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் உமாதேவி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, தீபாவின் உள்ளங்கையை மறுபடி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டேனே சேகரன்."

"கெமிக்கலான்னு கேட்டீங்க டாக்டர். இது சாமிகிட்ட இருந்ததுங்க."

டாக்டர் திட்டவில்லை. சிறுநீர் மாதிரியை பெங்களூருக்கு அனுப்பினார். ஸ்கேனை ரத்து செய்யவில்லை, பாதரசம் என்று உறுதியாகும் வரை கட்டி இல்லை என்று சொல்ல முடியாது என்றார். பாதரசம்தான் என்றால் பிழைப்பாளா என்று காவேரி கேட்டாள். பெரும்பாலும், என்றார் டாக்டர். நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது, எவ்வளவு திரும்பும் என்பதை மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்குப் பிடித்த பதில் அது. காவேரிக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் வீட்டைச் சுத்தம் செய்ய நானும் சேகரனும் போனோம். துடைப்பம் வைத்துப் பெருக்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன். பெருக்கினால் ஒரு மணி நூறு மணியாக உடைந்து இன்னும் வேகமாகக் காற்றில் கலக்கும். வாயில் துணி கட்டிக்கொண்டோம். கூடத்தின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தேன்.

தரை முழுக்க மின்னியது. சிவப்பு சிமென்ட் தரையின் விரிசல்களில், சுவரோரத்தில், அலமாரிக் காலடியில், நூற்றுக்கணக்கான பொட்டுகள், எல்லாம் எங்களையே பார்ப்பது போல. தீபாவின் பாயைத் தூக்கினேன். கோரைகளுக்கு நடுவே வரிசை வரிசையாக நின்றன. தலையணையை அழுத்தினேன், தையலிலிருந்து ஒன்று உருண்டு வந்து விழுந்தது. சேகரன் சத்தம் போட்டுவிட்டார். ஆண்கள் அப்படிக் கத்தி நான் பிரசவ வார்டு வாசலில்தான் கேட்டிருக்கிறேன்.

ஈரத் துணியிலும் ஒட்டுத்தாளிலும் ஒற்றி எடுத்தோம். பாதரசத்தைக் கட்டும் கந்தகப் பொடியை விரிசல்களில் தூவினோம். எவ்வளவு எடுத்தாலும் டார்ச்சைப் படுக்க வைத்தால் இன்னும் தெரிந்தது. மாலையானதும் டார்ச்சை அணைத்தேன். "இந்த வீட்டுல இனி பிள்ளையைப் படுக்க வைக்காதீங்க" என்றேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துப் போனார்கள். பாய், தலையணை, துணிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். தாலியைப் பத்தரிடம் கொடுக்கும்போது வீட்டுக்குள் வைத்து உருக்காதே, விஷ ஆவி கிளம்பும் என்று நானே போய்ச் சொன்னேன். சிமிழையும் அந்தக் கீபோர்டையும் தண்ணீர் நிரப்பி மூடிய டப்பாவில் வைத்து, ஒரு கல்லூரியின் வேதியியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தோம்.

மற்றக் கீபோர்டுகளில் பாதரசம் கிடையாது. ஆனால் எல்லாம் அந்தச் சுவரோரத்தில், அந்தத் தரைக்கு மேல் இருந்தவை. எது சுத்தம் எது இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? சேகரன் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பசவராஜிடம் கொண்டுபோனார்.

"என்ன சார், கடிச்சு முடிச்சாச்சா?" என்றார் பசவராஜ் வழக்கம் போல.

சேகரன் விஷயத்தைச் சொன்னார். பசவராஜ் சாக்கைத் தொடாமல் இரண்டடி பின்னால் போனார்.

"சார்... அந்த லாட்ல மொத்தம் ரெண்டு வந்துச்சு. இன்னொண்ணு குடோன்ல இருக்குது. எம் பசங்க அது மேல ஒக்காந்துதான் பன் தின்னுவாங்க."

அதையும் போய் எடுத்தோம். அது உடையாமல் இருந்தது. பசவராஜ் அன்றைக்கு வேறு எதுவும் கேலி பேசவில்லை. சாக்குகளும் கடைசியில் அந்த வேதியியல் ஆசிரியர் தலையில்தான் விழுந்தன.

பெங்களூர் ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. சிறுநீரில் பாதரசம் தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் வாரங்களில் பிள்ளை இன்னும் மோசமானாள். எழுந்து நிற்கக் கால் வலுவில்லை. டம்ளரை அவள் கையில் கொடுத்தால் பால் முழுக்க மடியில். நான் பி.பி. பார்க்கப் போகும்போதெல்லாம் சேகரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணைக் கேட்க மாட்டார். வேனிலில் எண் இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் போர்வையைத் தானே விலக்கிவிட்டு, "இட்லி இதெயா அஜ்ஜி?" என்றாள். நான் போய் இட்லி வாங்கி வந்தேன்.

அடுத்த தசராவுக்கு ஊர்வலம் பார்க்க அவள் அப்பாவின் தோளில் ஏறிப் போனாள். ஓடுகிறாள். படிக்கிறாள். எழுத்து மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. அது போகும் என்கிறார் டாக்டர், போகாமலும் இருக்கலாம் என்கிறார். காவேரி மலைக்குப் போய் வேண்டுதலை முடித்தாள். எதற்கு, தாலி வெளுத்த காரணம்தான் தெரிந்துவிட்டதே என்று கேட்டேன். "வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதானுங்க" என்றாள்.

ஒரு வருடம் சேகரன் கீபோர்டு பக்கம் போகவில்லை. சாப்பிடும்போது தட்டின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாராம். காவேரியே ஒரு நாள் போய் வாங்கி வரச் சொன்னாள். ஆனால் நிபந்தனை போட்டாள். எது வந்தாலும் முதலில் வீட்டுக்கு வெளியே, பின்புறக் கொட்டகையில், மூடிய தகரப் பெட்டியில் ஒரு வாரம் இருக்க வேண்டும். அதோடு கூடவே, பிரித்த பாகங்களின் மேல், அவள் கல்யாண மோதிரமும் இருக்கும்.

"மோதரம் வெளுத்தா அதுவும் வெளிய, நீங்களும் வெளிய."

இது சரியான சோதனை இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். பாதரசம் நேரே பட்டால்தான் தங்கம் சட்டென்று வெளுக்கும், கொஞ்சம் ஆவி இருந்தால் காட்டாது. கண்ணாலும் டார்ச்சாலும் பார்ப்பதுதான் முக்கியம். சேகரன் அதையும் செய்கிறார். ஸ்பிரிங் வைத்ததை மட்டும்தான் வாங்குகிறார், சத்தம் வராததைக் கையால் தொடுவதில்லை. ஆனாலும் மோதிரத்தை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். தீபா கூட வந்தாள், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். அவர் மோதிரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க சிஸ்டரம்மா."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. மஞ்சள்தான் என்றேன்.

"வெயில்ல பாருங்க."

வெயிலில் பார்த்தேன். மஞ்சள்தான் என்றேன். அவர் வாங்கிச் சட்டையில் துடைத்து, தானும் பார்த்து, மறுபடி என்னிடம் நீட்டினார். கேட்டுக்கு வெளியிலிருந்து தீபா கேட்டாள்.

"சிஸ்டர் அஜ்ஜி, நான் உள்ளே வரலாமா?"

மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டுத்தான் வா என்றேன்.